காலை எட்டிலிருந்து மூன்று வரை

1

லண்டனில் நோர்வேக்காரர் நடுவில் வாழ்கிறீர்களாமே, அங்கே பார்க்கத்தக்க இடங்கள், அந்த மனிதர்களின் பழக்கவழக்கங்கள் பற்றிச் சுவையாக நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். சுவையாக வேண்டுமாம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவர் மேல் பிழையில்லை. கடிதம் வந்து சேர்ந்த கிழமை அப்படி.

அந்தக் கிழமைதான் ஆர்னே இறந்து ஒரு வருசம். ஆர்னே எங்களுக்கு மேல்வீட்டுக்காரர். கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சென்ற ஆண்டு நவம்பரில், நான் படுக்கிற கட்டிலுக்கு நேர் மேலே, தன் வீட்டுத் தரையில் இடுப்பெலும்பு முறிந்து இரண்டு நாளுக்கு மேல் கிடந்தார். நான் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தளம், அவ்வளவுதான். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஓடிப் போயிருப்பேன். அவர் தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. சுவை குறைவாக இருந்தால் ஆசிரியர் மன்னிக்கட்டும்.

2

நாங்கள் இருப்பது தென்கிழக்கு லண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரையில், பழைய துறைமுகப் பக்கம். ஒரு காலத்தில் நோர்வேயிலிருந்து பலகை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்த இடம். கப்பல்கள் நின்று போய்விட்டன, மாலுமிகளுக்காகக் கட்டிய தேவாலயம் நிற்கிறது. அதையொட்டி ஒரு வீட்டுச் சங்கத்துக்குச் சொந்தமான மூன்று மாடிக் கட்டிடம், ஆறு வீடுகள். நாலில் நோர்வேக்காரர், ஒன்றில் ஒரு ஐரிஷ் தாதி, ஒன்றில் நாங்கள். நான், மனைவி சுகந்தி, மகள் தாரணி. எண்பத்தெட்டில் கவுன்சில் மூலமாக இந்த வீடு கிடைத்தபோது, லூயிஷாமில் இருக்கும் என் நண்பர் பாலா அண்ணை, "வெள்ளைக்காரரிலையும் வெள்ளைக்காரரோடை போய் விழுந்திட்டாய்" என்றார்.

பழக்கவழக்கம் கேட்டாரே ஆசிரியர், சொல்கிறேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். அதைப் பார்த்துச் சுகந்திக்கு முதல் நாளே அவர்களைப் பிடித்துப்போயிற்று. பாலில்லாத கோப்பியை நாள் முழுக்கக் குடிப்பார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ், சவர்க்காரக் கட்டி மாதிரி இருக்கும், அதைச் சீவிச் சீவி, வாஃபிள் என்று இரும்பில் வாட்டுகிற அப்பத்தின் மேல் வைத்துத் தின்பார்கள். அடிப்பிடித்த பால்கோவாவில் யாரோ உப்பைக் கொட்டிய ருசி. தாரணி அதை இரண்டு கையாலும் தின்பாள். மே மாதத்தில் அவர்களுடைய தேசிய நாளில் பக்கத்துப் பூங்காவில் பூவேலை செய்த உடுப்புகளோடு ஊர்வலம் போவார்கள். ஆமிக்காரரின் அணிவகுப்பு இல்லை, பீரங்கி இல்லை, கொடி பிடித்த பிள்ளைகள்தான் முன்னுக்குப் போகும். இலங்கையில் தேசிய நாள் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டிய நாள் என்று பழகிய நான், அந்தப் பூங்காவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு மரத்தடியில் நின்றேன்.

பேசும்போது 'ஓம்', அதுதான் 'ஆமாம்' என்பதை, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். முதல் முதல் ஆர்னே அப்படிச் சொன்னபோது மனிதருக்கு ஆஸ்துமா என்று நினைத்துக் கதிரை எடுத்துக் கொடுத்தேன். அவரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு வருசம் கழித்துத்தான், "அண்டைக்கு ஏன் எனக்குக் கதிரை தந்தனீங்கள்?" என்று கேட்டார். (அவர் பேசியது ஆங்கிலம். அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.)

வசந்தம் பிறந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லா வீட்டுக் கதவிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதற்கு அவர்கள் டுக்னாட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கட்டிடத்தில் உள்ள எல்லோரும் ஒன்றாக இறங்கி முற்றம், படிக்கட்டு, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் கூட்டிக் கழுவ வேண்டும். கூலி இல்லை. கோப்பியும் அப்பமும் உண்டு. முதல் வருசம் அந்தத் துண்டைக் கண்டதும், கறுத்தவன் வந்திருக்கிறான், கூட்டவிடப் பார்க்கிறார்கள் என்று குதித்தேன். எட்டிப் பார்த்தால் ஆர்னே முழங்காலில் இருந்து படிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு கப்பல் கம்பனியின் அதிகாரி குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில் மாலை போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பவர்களில் ஒருவர்கூட இப்படித் தலையை விட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கம் உண்டு. அழைக்காமல் வர மாட்டார்கள். அடுத்த கதவுதான் என்றாலும் முதல்நாள் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். பஸ் தரிப்பில் உங்களைக் கண்டால் பதினைந்து அடி தள்ளி நிற்பார்கள். உங்களுடைய நேரத்தை உங்களிடமே விட்டு வைப்பதுதான் அவர்களுக்கு மரியாதை. எனக்கு அது அமிர்தமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் வேலிப் பொட்டுக்குள்ளால், அந்த ஓட்டையால், வராத ஆள் கிடையாது. கடிதம் வந்தால் யாரிடமிருந்து, என்ன கறி, ஏன் மகளுக்கு இன்னும் கலியாணம் ஒன்றும் பேசவில்லை என்று கேட்டு என் தாயின் உயிரை எடுத்தார்கள். அந்தத் தொல்லை விட்டது என்றுதான் நான் இங்கே நிம்மதியாக மூச்சு விட்டேன்.

3

பார்க்கத்தக்க இடம் ஒன்றும் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் ட்ரஃபல்கர் சதுக்கத்தில் ஒரு பெரிய மரம் நிறுத்துவார்கள். போர்க்காலத்தில் பிரித்தானியா செய்த உதவிக்கு நன்றியாக ஒவ்வொரு வருசமும் நோர்வே வெட்டி அனுப்புகிற மரம். எண்பத்தொன்பதில் ஆர்னே எங்களைக் கூட்டிப் போனார். கூட்டிப் போவதற்கு மூன்று கிழமைக்கு முன்னமே வந்து அனுமதி கேட்டார்.

போய் நின்றோம். எல்லா நாட்டுக்காரரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு லண்டன்காரர் தன் மனைவியிடம், "என்ன இது, மொட்டை மரம்" என்றார். விளக்குகளைச் சுற்றிக் கட்டாமல் மேலிருந்து கீழே நேர்க்கோடாகத் தொங்கவிட்டிருந்தார்கள், அவர்கள் ஊர் வழக்கமாம். ஆர்னேயின் காது சிவந்தது. நான் என்றால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர் ஒரு சொல் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் மட்டும் தாரணியிடம், "அது அம்பது வருசமா வளந்த மரம்" என்றார்.

"நீங்கள் ஏன் அந்தாளுக்குச் சொல்லேல்லை?" என்று தாரணி கேட்டாள்.

"அவர் சந்தோசமா நிண்டவர். குழப்பக் கூடாது."

எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கிழமைக்கு ஒருமுறை மேலே போனாள். கேட்டுக்கொண்டுதான் போனாள், அவர்கள் முறைப்படி. நோர்வே மொழியில் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டு வந்தாள். தமிழில் நாற்பதுக்கு மேல் தட்டுத் தடுமாறுவாள். அந்த ஆத்திரம் எனக்கு உள்ளே இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

4

எனக்குப் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். விடிய ஏழரைக்கு வீட்டுக்கு வந்து எட்டு மணிக்குப் படுப்பேன். மூன்று மணிக்கு அலாரம். சுகந்திக்குப் பகலில் கடையில் வேலை, தாரணிக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் நான் தனியே.

ஆர்னே வீட்டுக்குள் மரக்கட்டை அடி வைத்த செருப்புப் போடுகிறவர். டொக், டொக் என்று பத்து மணிக்குத் தொடங்குவார். குசினியிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து குசினிக்கு. என் தலைக்கு மேலே ஒவ்வொரு அடியும் விழும். மூன்று வருசம் பொறுத்தேன். தொண்ணூற்றொன்றில் ஒரு நாள், வேலையிடத்தில் சுப்பர்வைசரோடு பிரச்சினைப்பட்டு வந்து படுத்த காலையில், என் பொறுமை போய்விட்டது.

ஊரில் என்றால் வேலிக்கு மேலால் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவரும் கத்தியிருப்பார். ஒரு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்துவிட்டு எட்டாம் நாள் கோவிலில் திருநீறு வாங்கும்போது சிரித்திருப்போம். நான் இங்கே நாகரிகம் பழகியவன் அல்லவா. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பதினேழு வருசம் கிளாக்கராக இருந்து மனு எழுதி, மனுவுக்குப் பதில் எழுதி, பதிலுக்கு நினைவூட்டல் எழுதி வாழ்ந்தவன். வீட்டில் கிடந்த பழைய தட்டச்சு இயந்திரத்தை எடுத்துப் போட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். விடயம் என்று போட்டுக் கீழே கோடு கீறினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டேன். நான் காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை நித்திரை கொள்பவன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன், இந்நேரத்தில் எவ்வித ஓசையும் தவிர்க்கப்பட வேண்டும், தவறின் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். அடியில் 'பிரதி: வீட்டுச் சங்கம்' என்று அடித்தேன். உண்மையில் சங்கத்துக்குப் பிரதி அனுப்பவில்லை. அப்படி அடித்தால்தான் கடிதத்துக்கு ஒரு கனம் வரும் என்பது கச்சேரிப் பழக்கம்.

கதவிடுக்கால் தள்ளிவிட்டு வந்து படுத்தேன்.

அன்றிலிருந்து பகலில் சத்தம் நின்றது. குறையவில்லை, நின்றே போயிற்று. மறுநாள் மாலை எங்கள் கதவடியில் ஒரு தட்டில் அப்பங்கள், இதய வடிவில் வாட்டியவை, மேலே துணி போட்டு மூடி இருந்தன. துண்டு ஒன்றும் இல்லை. சுகந்தி தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் அந்த மனுசனுக்கு என்ன எழுதினீங்கள்?"

"முறைப்படி எழுதினன்."

"மேல போய் வாயாலை சொல்லியிருக்கலாம்தானே."

"சொன்னால் சண்டையா முடியும். எழுதினால் முடிஞ்சுது."

லூயிஷாம் கோவிலில் பாலா அண்ணையைக் கண்டபோது மார்தட்டினேன். "ஒரு கடிதத்தாலை மனுசனை அடக்கிப்போட்டன், அண்ணை" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு வருசம் பஞ்சு மெத்தையில் தூங்குகிறவன் மாதிரித் தூங்கினேன். படிக்கட்டில் கண்டால் ஆர்னே தொப்பியைத் தொடுவார், நான் தலையை ஆட்டுவேன்.

5

சென்ற நவம்பர். புதன்கிழமை காலை ஒன்பது மணியளவில் அவர் விழுந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று நான் வழக்கம்போலப் படுத்து மூன்று மணிக்கு அலாரம் அடிக்க எழும்பித் தேத்தண்ணி போட்டேன்.

வியாழன் மாலை சுகந்திதான் முதலில் சொன்னாள். அவள் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, மேல இரண்டு நாளாத் தண்ணிக்குழாய்ச் சத்தம் கேக்கேல்லை. றேடியோவும் இல்லை."

"நல்லதுதானே."

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன். சுண்டல் அவிச்சதிலை கொஞ்சம் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்."

"சும்மா இரும். அவையளுக்கு உது பிடிக்காது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிக்கிறது எங்கட ஆக்களின்ரை வேலை. மனுசன் தேவாலயத்துக்குப் போயிருப்பார்."

"இரண்டு நாளாவோ?"

"கேக்காமல் போகக் கூடாது சுகந்தி. பண்பெண்டு ஒண்டு இருக்கு."

பண்பு என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் என் வாயில் திணிக்கவில்லை. அவள் சுண்டல் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். நான் அதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். அந்நேரம் அவருக்கு நினைவு விட்டு விட்டு இருந்திருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். திடுக்கிட்டு எழும்பிச் சாரத்தோடு கதவைத் திறந்தால் அம்புலன்ஸ்காரர். கீழ்வீட்டு இங்க்ரித் ஆர்னேயின் மாற்றுச் சாவியோடு மேலே நின்றுகொண்டிருந்தார். இங்க்ரித் தேவாலயத்தில் வேலை செய்பவர். வியாழக்கிழமை தேவாலயச் சந்தைக்குச் சாமான் அடுக்க ஆர்னே வருவதாக இருந்ததாம், வரவில்லையாம்.

"வியாழக்கிழமை வரேல்லை எண்டால் வியாழக்கிழமையே ஏன் திறந்து பாக்கேல்லை?" என்று கேட்டேன்.

"அவர் தனிய இருக்க விரும்புறாராக்கும் எண்டு நினைச்சன்" என்றார் இங்க்ரித். அவர் முகம் சுண்ணாம்பாக வெளிறியிருந்தது.

படிக்கட்டில் நின்று நான் கத்தினேன். தனிய இருக்க விரும்புறாராம். மனிதர் தரையில் கிடந்து செத்துக்கொண்டிருக்கிறார், இவர்கள் அவருடைய தனிமைக்கு மரியாதை செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். என்ன பிறவிகள், கல்லோ நீங்கள் எல்லாம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். முந்தினநாள் மாலை நான் தின்ற சுண்டல் எனக்கு அந்நேரம் ஞாபகம் வரவில்லை. சுகந்திக்கு வந்தது. மாலை வேலையால் வந்து, விசயம் கேட்டு, கைப்பையையும் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"நான் போறன் எண்டனான்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

6

ஆஸ்பத்திரியில் வாட்டு வாசலில் ஒரு மேசை. மேசையில் ஒரு பெண், பெண்ணின் கையில் ஒரு படிவம்.

"நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?"

"கீழ் வீடு."

படிவத்தில் அப்படி ஒரு பெட்டி இல்லை. மனைவி, கணவன், பிள்ளை, சகோதரர், வேறு. 'வேறு' என்பதற்குப் பக்கத்தில் விவரம் எழுதக் கோடு இருந்தது. கச்சேரியில் எத்தனை ஆயிரம் பேருக்கு நான் இப்படிப் படிவம் நிரப்பியிருப்பேன். அந்தக் கோட்டில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது கூட நின்ற தாரணி, பன்னிரண்டு வயது, "Brother எண்டு சொல்லுங்கோ, அப்பா" என்று முழங்கையால் இடித்தாள்.

"சகோதரன்" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த வெள்ளை மனிதரைப் பார்த்தாள். பேனையால் பெட்டியில் ஒரு சரி போட்டு, "பத்து நிமிசம்" என்றாள்.

ஆர்னே சுருங்கிப் போயிருந்தார். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் தொப்பியைத் தொடுகிற மாதிரிக் கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"வெள்ளிக்கிழமை உங்கட நித்திரையைக் குழப்பிப்போட்டன்" என்றார். "இரண்டு மணிக்கு. அம்புலன்ஸ்காரர் சத்தம் போட்டவை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் தட்டேல்லை?"

"கையிலை செருப்பு இருந்தது" என்றார். "அந்த மரச்செருப்பு. நீங்கள் படுத்து ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. மூண்டு மணி மட்டும் பொறுப்பம் எண்டு இருந்தன்."

"மூண்டு மணிக்கு?"

"உங்கட அலாரம் கேட்டது. செருப்பைத் தூக்கப் பாத்தன்." மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அவர்களுடைய அந்த ஓமைச் சொன்னார். "கை எழும்பேல்லை."

ஆறு மணித்தியாலம். உடைந்த இடுப்போடு, கையில் செருப்போடு, நான் எழும்புவதற்காக அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார். நான் கட்டிலில் புரண்டதும் அவருக்குக் கேட்டிருக்கும். எனக்கு அழுகை வரவில்லை. அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல ஆத்திரம்தான் வந்தது. தட்டுவதற்கு என்ன, நான் என்ன ராசாவோ, என்னுடைய நித்திரை என்ன பெரிய நித்திரை, உம்முடைய நாட்டில் உயிர் போகும்போதும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவீர்களோ என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தாரணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்த பிறகு என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நூறு மட்டும் எண்ணினனான். எனக்கு அது மட்டும்தானே தெரியும்."

பதினோராம் நாள் நியூமோனியாவில் போய்விட்டார்.

7

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எல்லாக் கதவிலும் துண்டு ஒட்டியிருந்தது. ஆர்னேயின் வீட்டைக் காலி செய்ய டுக்னாட். உறவினர் யாரும் இல்லை. வீட்டுச் சங்கம் மாத முடிவுக்குள் ஒழிக்கச் சொல்லியிருந்தது.

எல்லோரும் வந்தோம். சப்பாத்தை வாசலில் கழற்றினோம். இந்த முறை நானே எனக்குக் குசினியைக் கேட்டு எடுத்துக்கொண்டேன். கோப்பிப் பானை, அப்பம் வாட்டும் இரும்பு, நாலு கோப்பை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு காந்தம், காந்தத்தின் கீழ் என் கடிதம். விடயம், கோடு, ஒன்று, இரண்டு, மூன்று. மூலைகள் மஞ்சளாகிப் போயிருந்தன. அதன் பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு சின்னக் கடதாசி, நோர்வே மொழியில். இங்க்ரித்தைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நான் படிக்கட்டில் கத்திய பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இங்க்ரித் மெதுவாக மொழிபெயர்த்தார். "கீழே உள்ளவர் நித்திரை, எட்டிலிருந்து மூன்று வரை. கம்பளிக் காலுறை. றேடியோ வேண்டாம். குழாயைச் சின்னதாகத் திற. நல்ல மனிதர், இரவில் வேலை."

நல்ல மனிதராம். நான்தான் அது. கதவுக்குப் பின்னால் அந்த மரச்செருப்பும் கிடந்தது. இரண்டு வருசம் போடாமல் தூசி பிடித்திருந்தது ஒன்று. மற்றது துடைத்த மாதிரிச் சுத்தம், அவர் கையில் பிடித்திருந்தது அது. ஏன் அவர் அதைக் கையில் எடுத்தார் என்று இங்க்ரித் கேட்டார். தட்டுறதுக்கு என்றேன்.

"பிறகு ஏன் தட்டேல்லை?"

கடிதத்தைக் காட்டினேன். இங்க்ரித்துக்குக் கத்துவதற்கு முழு உரிமை இருந்தது. நான் படிக்கட்டில் கத்தியதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பித் தந்திருக்கலாம். கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு அடுத்த அறையை ஒதுக்கப் போனார்.

ஊரடங்கு நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருந்தது. பகல் முழுக்க யாரும் வெளியே போகேலாது. பக்கத்து வீட்டார் மதிலில் கல்லால் மூன்று தரம் தட்டுவார்கள். நாங்களும் மூன்று தரம் தட்டுவோம். இருக்கிறோம் என்று அர்த்தம். ஷெல் விழுந்த நாட்களில் ஒழுங்கை முழுக்க அந்தத் தட்டு வீடு வீடாகப் போய்த் திரும்பி வரும். என் தாயின் உயிரை எடுத்த அதே சனங்கள்தான். அந்தச் சத்தத்தில் உயிர் தப்பி வந்தவன், இன்னொருவரின் கையிலிருந்து அதைப் பறித்தேன். அதுவும் முறைப்படி, இலக்கமிட்டுப் பறித்தேன். நோர்வேக்காரரின் பண்பையும் திட்டித் தீர்த்தாயிற்று, இங்க்ரித்தையும் திட்டித் தீர்த்தாயிற்று. மிஞ்சி நிற்பது ஒரே ஒரு ஆள்தான்.

8

மார்ச் மாதத்தில் மேல்வீட்டுக்குப் புதிய ஆட்கள் வந்தார்கள். தேவாலயத்துக்கு மாற்றலாகி வந்த இளம் தம்பதி, மூன்று வயதில் ஒரு பெடியன். காலையிலிருந்து அந்தப் பிள்ளை ஓடும். டும், டும், டும் என்று குசினியிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து குசினிக்கு. நான் கட்டிலில் கிடந்து கேட்பேன். நித்திரை வராது. இருந்தாலும் அந்த ஓட்டம் கேட்கக் கேட்க நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருக்கும்.

பத்து நாள் யோசித்துவிட்டு ஒரு நாள் மாலை மேலே போனேன். முதல்நாள் கேட்காமல்தான் போனேன். கதவைத் தட்டினேன். தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து திறந்தார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஏதாவது என்றால் தரையில் தட்டுங்கள், எந்த நேரமும் தட்டுங்கள், நான் காலை எட்டிலிருந்து மூன்று வரை நித்திரைதான், ஆனாலும் தட்டுங்கள், நான் வருவேன். படிக்கட்டில் ஏறும்போது மனதுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். எட்டிலிருந்து மூன்று வரை நித்திரை என்ற இடத்துக்கு வந்ததும் அந்தத் தகப்பனின் காது சிவந்தது.

"மன்னிக்க வேணும்" என்றார். "எங்களுக்குத் தெரியாமல் போச்சு."

"இல்லை, இல்லை. ஓடட்டும். நான் அதுக்கு வரேல்லை. தட்டுங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான்."

"விளங்குது" என்றார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஓம் என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அவர் இன்னும் பணிவானார். கோபத்தைப் பண்பாக மறைத்துக்கொண்டு முறையிட வந்த மனிதன் என்று என்னை நினைத்துவிட்டார். என் முகமும் அப்படிப்பட்டதுதான். வேறு மாதிரி வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை ஒரு வான் வந்து நின்றது. இரண்டு பேர் சேர்ந்து தடித்த கம்பளம் ஒன்றை உருட்டிக்கொண்டு மேலே தூக்கிப் போனார்கள். மாலையில் எங்கள் கதவடியில் ஒரு தட்டு, துணி போட்டு மூடியிருந்தது. இதய வடிவ அப்பங்கள், பக்கத்தில் அந்தப் பழுப்புச் சீஸ். தாரணி எடுத்துத் தின்றாள்.

இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை ஓடுகிறதா, விழுகிறதா, ஒன்றும் தெரியாது. நான் எட்டு மணிக்குப் படுக்கிறேன். மூன்று மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.